தோட்டத்துக் குரலும் குறும்படப் போட்டியும்



இவ்வாண்டுச் சொற்பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் குறும்பட ஆர்வலர் குழுக்களும் அவை நடத்தும் போட்டிகளும் ஆகும். மொழியியல் படித்தவருக்குப் படப்பிடிப்பில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். மலாக்கா மாநிலத்தில் இத்தகைய போட்டி ஒன்றில் சில ஆண்டுகள் நடுவராக இருந்தோம். அங்கே நாம் செய்த பிழை ஒன்றே இப்பொருளை நம்மிடம் கொண்டுவந்து சேர்த்தது. அதனை உரையின் நடுவில் கூறுவோம்.

முதலில் ஒரு சொல்லாராய்ச்சி. ஊதியம் கருதாமல் ஒரு கலையில் ஈடுபடுவோரை ஆங்கிலத்தில் 'அமெச்சூர்' என்கின்றனர். பிரெஞ்சு வழியாக வந்த அச்சொல்லின் வேர், அன்பு செலுத்துதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையாகும். நாளடைவில் அது 'தேர்ச்சியற்றவர்' என்ற இழிபொருளையும் ஏற்றது. தமிழில் 'பயில்முறைக் கலைஞர்' என்றும் 'ஆர்வலர்' என்றும் வழங்குகிறோம். இவற்றுள் 'ஆர்வலர்' திருக்குறளில் அன்புடைமை அதிகாரத்தின் முதற்குறளிலேயே அன்புடையார் என்னும் பொருளில் ஆளப்பட்ட சொல். இலத்தீன் வேரும் குறளின் சொல்லும் ஒரே பொருளில் வந்து நிற்கின்றன. ஆகவே இவ்வுரை முழுதும் 'ஆர்வலர்' என்றே வழங்குவோம்.

ஆர்வலர் படப்பிடிப்பு ஏறத்தாழ நூறாண்டு வரலாறு உடையது. 1922இல் பிரான்சின் பாத்தே நிறுவனம் 9.5 மில்லிமீட்டர் படச்சுருளையும், 1923இல் அமெரிக்காவின் கோடக் நிறுவனம் 16 மில்லிமீட்டர் படச்சுருளையும் வெளியிட்டன. 1932இல் அதனினும் மலிவான 8 மில்லிமீட்டர் சுருள் வந்தது. கருவி வீட்டுக்குள் நுழைந்ததும் குழுக்கள் தோன்றின. 1926இல் நியூயார்க்கில் ஆர்வலர் திரைக்கழகம் நிறுவப்பட்டது. 1932இல் பிரிட்டனில் ஆர்வலர் ஒளிப்பதிவாளர் கழகமும், 1937இல் பல நாட்டுக் குழுக்களை இணைக்கும் 'யூனிக்கா' என்னும் பன்னாட்டு ஒன்றியமும் உருவாயின. கருவியைப் பகிர்ந்துகொள்ளுதல், ஒருவர் படத்தில் மற்றவர் நடித்தல், எடுத்ததைக் கூடியிருந்து பார்த்துக் குறைநிறை பேசுதல், ஆண்டுக்கு ஒருமுறை போட்டி நடத்துதல் ஆகிய நான்குமே அன்று தொட்டு இன்று வரை ஆர்வலர் குழுவின் பணிகளாக உள்ளன.

தமிழருக்கு இம்மரபு நாடகத்தின் வழியே முன்னரே அறிமுகமானது. 1891இல் பம்மல் சம்பந்தனார் சென்னையில் தோற்றுவித்த சுகுண விலாச சபை அதற்குச் சான்று. வழக்கறிஞராக இருந்து பின்னர் நீதிபதியான அவரும், அவரைப் போன்ற படித்த அன்பர்களும் பிழைப்புக்காக அன்றிக் கலைக்காக ஒப்பனை இட்டனர். பாட்டே மிகுந்திருந்த தமிழ் மேடையில் உரைநடை உரையாடலுக்கு இடம் தேடித் தந்ததில் சம்பந்தனாருக்குப் பெரும்பங்கு உண்டு. மேடையில் மாந்தர் எவ்வாறு பேசவேண்டும் என்ற வினாவை ஆர்வலர்களும் எழுப்பினர் என்பதை நினைவில் கொள்க. அவ்வினாவே இன்று நம் போட்டிகளிலும் எழுந்து நிற்கிறது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். மலாயாவில் வாணிக நோக்கிலான இரப்பர்ப் பயிர் மலாக்காவில்தான் வேரூன்றியது. 1896இல் தான் சாய் யான் என்னும் சீனப் பெருமகனார் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் நட்டார். பின்னர்ப் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் கண்டார். தொடர்ந்து எழுந்த தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் பேரர்களும் கொள்ளுப்பேரர்களுமே இன்று ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ், பூலாவ் செபாங் முதலிய ஊர்களில் வாழும் தமிழருள் பெரும்பாலோர்.

அத்தோட்டங்கள் படமெடுக்கப்படாமல் இல்லை. மலாயாவில் பணியாற்றிய ஆங்கிலேயத் தோட்டத்துரைமார் சிலர் கையடக்கப் படக்கருவி வைத்திருந்தனர். அவர்கள் எடுத்த வீட்டுப் படங்கள் பிரிட்டனின் ஆவணக் காப்பகங்களில் உள்ளன. பால்வெட்டும் பெண்கள், வாளி சுமப்போர், லயத்து வாசலில் விளையாடும் குழந்தைகள் அவற்றில் தென்படுவர். ஆனால் அக்காலத்து வீட்டுப் படங்கள் பெரும்பாலும் ஊமைப் படங்கள். கோடக் நிறுவனம் ஒலியையும் உடன் பதியும் சூப்பர் 8 கருவியை வெளியிட்டதே 1973இல்தான். ஆகவே நம் பாட்டிமார் திரையில் வாயசைக்கின்றனர். என்ன பேசினர் என்பது நமக்குக் கேட்பதில்லை.

1946இல் மலாயாத் திரைப்படப் பிரிவு தொடங்கப்பட்டது. அது மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய மொழிகளில் செய்திப் படங்களை வழங்கியது. தோட்டத் திடலில் வெண்திரை கட்டி, படவண்டி வரும் நாளைத் திருநாள் போலக் காத்திருந்த முதியோரை நாம் அறிவோம். அப்படங்களில் தமிழ் ஒலித்தது. எனினும் ஒலித்தது விளக்கவுரையாளரின் ஏட்டுத் தமிழே. உருவம் தோட்டத்தாருடையது, குரல் வேறொருவருடையது.

இப்பின்னணியை மனத்திற்கொண்டு இன்றைய ஆர்வலர் குழு ஒன்றைப் பாருங்கள். நாம் நடுவராக இருந்த குழு, மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் ஞாயிறு மாலைகளில் கோயில் மண்டபத்தில் கூடும். தொழிற்சாலை ஊழியர்கள், ஆசிரியர் இருவர், இடைநிலைப்பள்ளி மாணவர் சிலர் அதன் உறுப்பினர்கள். திருமணப் படமெடுக்கும் அன்பர் ஒருவர் இரவல் தந்த ஒளிப்படக் கருவி, கைப்பேசிகள், சட்டையில் செருகும் ஒலிவாங்கி ஒன்று ஆகியவையே அவர்களது உடைமை. மாதம் ஒருமுறை ஒருவர் எடுத்ததை மற்றவர் பார்த்துப் பேசுவர். ஆண்டு இறுதியில் 10 நிமிடத்திற்கு மேற்படாத குறும்படங்களுக்குப் போட்டி நடக்கும்.

நடுவருக்கு ஒரு மதிப்பெண் தாள் தரப்பட்டது. கதை, ஒளிப்பதிவு, நடிப்பு, படத்தொகுப்பு, மொழி என்று ஐந்து கூறுகள். ஒவ்வொன்றுக்கும் 20 புள்ளி. மொழி என்பதற்கு எதிரே 'தூய தமிழ், திருந்திய உச்சரிப்பு' என்று அச்சிடப்பட்டிருந்தது. பேச்சுப் போட்டித் தாளிலிருந்து அவ்வரியை எடுத்தாண்டிருந்தனர் போலும். அப்போது நாமும் அதனை ஐயுறவில்லை.

முதலாண்டில் வந்த படங்களுள் ஒன்று எளிமையானது. படிவம் நான்கில் பயிலும் மாணவன் தன் பாட்டியை அவர் முன்பு பால்வெட்டிய இடத்திற்கு அழைத்துச் செல்கிறான். அங்கே இப்போது செம்பனை நிற்கிறது. பாட்டி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "இங்கதான்யா என் நெரை. காண்டா வாளிய இப்படி எறக்கி வெச்சிட்டு மங்கு தொடைச்சிக்கிட்டே போவேன். பெரட்டுக்கு லேட்டா போனா கங்காணி ஏசுவாரு." பிறகு அம்மூதாட்டி இல்லாத மரங்களை எண்ணிக்கொண்டே நடக்கிறார். மாணவன் கருவியுடன் பின்தொடர்கிறான். வேறெதுவும் நிகழவில்லை. நாம் மொழிக்கு 20இல் 9 அளித்து, 'கொச்சை வழக்கைத் தவிர்த்திருக்கலாம்' என்று சிவப்பு மையால் எழுதினோம்.

மறு ஆண்டு அதே மாணவன் அதே பாட்டியை வைத்து வேறொரு படம் அனுப்பினான். நம் குறிப்பை அவன் மதித்திருந்தான். பாட்டி நாற்காலியில் அமர்ந்து, "பேரனே, காலை உணவு உண்டுவிட்டாயா?" என்கிறார். அவர் கண்கள் கருவிக்குப் பக்கத்தில் பிடிக்கப்பட்டிருந்த தாளை நாடுகின்றன. நாம் 18 புள்ளி கொடுத்தோம். பரிசளிப்பு நாளில் படம் ஓடியபோது மண்டபத்துப் பிள்ளைகள் சிரித்தனர். முன்வரிசையில் இருந்த பாட்டியும் சிரித்தார். முடிந்தபின் நம்மிடம் வந்து, "நான் ஒழுங்கா படிச்சேனாய்யா?" என்று கேட்டார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் கொள்ளவில்லை. முனைவர் பட்டத்திற்காகப் பேச்சுத்தமிழை ஒலிநாடாவில் பதிந்து, ஒலி ஒலியாகக் குறியீட்டில் எழுதிப் படித்தவர் நாம். முதியோர் பேச்சு ஒரு வரி கிடைத்தாலும் பொன்போல் போற்றியவர். அத்தகைய நாமே, ஒரு மாணவன் தேடிக் கொணர்ந்து முன்வைத்ததைப் பிழை என்று அடித்துவிட்டோம். அதனினும் கேடு, ஒரு மூதாட்டியின் வாயிலிருந்து அவர் பேச்சை எடுத்துவிட்டு நம் பேச்சை வைத்தோம்.

இழந்தது எது என்பதைச் சற்று ஆராய்வோம். மலேசியத் தமிழர் காலை உணவு உண்பதைப் 'பசியாறுதல்' என்பர். "பசியாறியாச்சா?" என்பது காலையில் ஒருவரை ஒருவர் நலம் கேட்கும் முறையுமாகும். பசி, ஆறு என்னும் இரண்டு தனித்தமிழ்ச் சொற்களின் சேர்க்கை அது. 'காலை உணவு' என்பதோ ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக நாம் ஆக்கிக்கொண்ட தொடர். தூய்மையின் பெயரால் தமிழ்ச் சொல்லை நீக்கி, மொழிபெயர்ப்பை அமர்த்தியிருக்கிறோம். பாட்டி சொன்ன 'நெரை', 'நிரை' என்பதன் பேச்சு வடிவம். வரிசை என்னும் பொருளில் சங்க நூல்களில் பயின்ற அச்சொல்லைத் தோட்டத்தார் மரவரிசைக்கு வழங்கினர். 'மங்கு' பால் வடியும் கிண்ணம். மலாயின் 'மங்கோக்' என்பதை நினைவூட்டுவது. 'காண்டா', தோளில் வைத்துச் சுமக்கும் கழி. மலாயின் 'கண்டார்' திரிந்தது. 'பெரட்டு', விடியற்காலையில் ஆளெடுக்கும் வழக்கம். 'பரேடு' என்னும் ஆங்கிலச் சொல்லின் மரூஉ. மூன்று வரிப் பேச்சில் சங்கத் தமிழும் மலாயும் ஆங்கிலமும் தொழிலாளர் வாழ்வுக்குள் எவ்வாறு கலந்தன என்ற வரலாறு அடங்கியுள்ளது.

இவற்றைக் கொச்சை என்று தள்ள நம் இலக்கணம் இடந்தரவில்லை. செய்யுள் செய்வதற்குரிய சொற்களை வகுத்த தொல்காப்பியர் இயற்சொல், திரிசொல், வடசொல் ஆகியவற்றோடு திசைச்சொல்லையும் ஒன்றாக எண்ணினார். செய்யுளுக்கே திசைச்சொல் ஆகும் எனின், குறும்படத்து உரையாடலுக்கு ஆகாதா? மேலும் அவர் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டையும் சேர்த்தே புலனெறி வழக்கத்திற்கு அடித்தளம் ஆக்கினார். 1959இல் பெர்குசன் என்னும் அமெரிக்க மொழியியலார், ஒரே மொழி உயர்வழக்கு, தாழ்வழக்கு என இருநிலையில் வழங்குவதை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். தமிழின் இரட்டை வழக்கு பற்றிய ஆய்வுகளுக்கு அக்கட்டுரை பெரிதும் பயன்பட்டது. 'தாழ்வழக்கு' என்பது மதிப்பைக் குறிப்பதன்று; எந்தச் சூழலில் எது வழங்கும் என்பதைக் குறிப்பது. வீட்டில் பேரனிடம் பேசும் பாட்டிக்கு உரியது எது என்பதில் ஐயம் இல்லை.

மலாக்காவில் வாழும் நமக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டும். காஜா பெராங் பகுதியில் வாழும் மலாக்காச் செட்டிகளை நீங்கள் அறிவீர்கள். சுல்தானியக் காலத்தில் வந்து தங்கிய தமிழ் வணிகரின் வழித்தோன்றல்கள் அவர்கள். சைவ வழிபாட்டைக் காத்தனர். 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலைக் காத்தனர். போகி, பொங்கல் என்னும் பெயர்களைக் காத்தனர். வீட்டுமொழி மட்டும் மலாயாக மாறிற்று. நாம் அவர்களைக் குறைகூறவில்லை. அவர்களது பண்பாட்டுப் பற்று நமக்குப் பாடமாக உள்ளது. ஆயினும் ஒன்று தெளிவாகிறது. கோயிலும் விழாவும் நிலைத்த இடத்திலும் வீட்டுப் பேச்சு நின்றுபோகக் கூடும். பள்ளித் தமிழைக் காப்பதோடு, வீட்டில் பேசுவது வெட்கத்திற்குரியது என்ற எண்ணத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்டாமல் இருப்பதும் நம் கடமை.

இங்கே ஆசிரியர்கள் எழுப்பும் தடைகள் இரண்டு உண்டு. இரண்டும் மதிக்கத்தக்கவை.

முதலாவது, பேச்சுவழக்கிற்குப் பரிசளித்தால் மாணவர் கட்டுரையிலும் அவ்வாறே எழுதுவர் என்பது. குறும்படத்தில் தமிழ் மூன்று இடங்களில் வருகிறது. மாந்தர் உரையாடல் ஒன்று, விளக்கவுரை இரண்டு, தலைப்பும் திரையில் ஓடும் எழுத்தும் மூன்று. உரையாடல் பேசுவோருக்கு ஏற்றதாக இருக்கட்டும். விளக்கவுரையும் எழுத்தும் பிழையற்ற எழுத்துத்தமிழாக இருக்கட்டும். ஒரே படத்தில் இரு வழக்கையும் கையாளும் மாணவன், எங்கே எதனை வழங்குவது என்பதை இலக்கண வகுப்பில் கற்பதினும் தெளிவாகக் கற்பான்.

இரண்டாவது, கதவைத் திறந்தால் தமிழகத் திரைப்படங்களின் அடாவடிப் பேச்சும் வசைச்சொல்லும் நுழையும் என்பது. இது மெய். மஸ்ஜிட் தானாவில் பிறந்த சிறுவன் சென்னைச் சந்துப் பேச்சில் மிரட்டும் படங்களை நாமும் பார்த்திருக்கிறோம். அதுவும் ஏட்டுத்தமிழ் பேசிய பாட்டியைப் போன்றதே: இரவல் குரல். ஆகவே நாம் வேண்டுவது கட்டற்ற வழக்கை அன்று, ஏற்புடைமையை. இக்குரல் இம்மாந்தருக்கு உரியதா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

தமிழ்த் திரையே இப்பாதையைக் கடந்து வந்துள்ளது. 1952இல் வெளிவந்த 'பராசக்தி'யின் அடுக்குமொழி உரையாடல் ஒரு தலைமுறைக்கு மேடைத்தமிழ் கற்பித்தது. அதன் சிறப்பை மறுப்பார் இல்லை. 1977இல் பாரதிராஜாவின் '16 வயதினிலே' சிற்றூர்ப் பேச்சைத் திரைக்குக் கொணர்ந்தபோது தமிழ் அழிந்துவிடவும் இல்லை. மலேசியாவில் 2005இல் தீபக் குமரன் மேனன் 'செம்மண் சாலை' எடுத்தார். படிக்க விரும்பும் பெண்ணின் தோட்டத்து வாழ்வே அதன் கதை. 2015இல் வெளிவந்த சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' படத்தின் பெயரே ஒரு மொழியியல் பாடம்: கெட்ட என்னும் பொருளுடைய மலாய்ச் சொல் 'ஜஹாட்' தமிழர் நாவில் 'ஜகாட்' ஆயிற்று. 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் தேசியமொழி அல்லாத படங்களுக்கெனத் தனிப்பிரிவு ஒதுக்கப்பட்டபோது, மலாய்க் கலைஞர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். பிரிவு மாற்றப்பட்டது. 'ஜகாட்' சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. நாடளவில் நம் பேச்சுக்குக் கிடைத்த அந்த இடத்தை நம் மண்டபத்துப் போட்டிகள் மறுக்கலாமா?

இனி, குழு நடத்தும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் சில முன்மொழிவுகள்.

ஒன்று: மதிப்பெண் தாளில் 'தூய தமிழ்' என்ற வரியை நீக்கி, உரையாடலின் ஏற்புடைமைக்கு 10, விளக்கவுரையிலும் எழுத்திலும் பிழையின்மைக்கு 10 எனப் பிரியுங்கள்.

இரண்டு: புள்ளியோடு நில்லாமல் ஒவ்வொரு படத்திற்கும் நடுவர் அரைப்பக்கமேனும் கருத்து எழுதித் தரட்டும். பிரிட்டனின் ஆர்வலர் கழகம் நடத்தும் பன்னாட்டுப் போட்டியில் இவ்வழக்கம் உண்டு. தோற்ற மாணவன் வீட்டுக்கு எடுத்துச் செல்வது அக்கருத்தை மட்டுமே. நாம் எழுதிய ஒரு வரி ஒரு பாட்டியை என்ன செய்தது என்று கூறினோம்; நடுவர் எழுதுகோலின் வலிமை அவ்வளவு.

மூன்று: போட்டிக்கு முன்னர்ப் பயிற்சி. கோலாலம்பூரில் 2003 முதல் நடைபெறும் பிரீடம் பிலிம் பெஸ்ட் விழாவில், படமெடுக்கும் திட்டத்தை முதலில் தேர்ந்து, நிதியும் வழிகாட்டலும் தந்து எடுக்கச் செய்யும் முறை உண்டு. சிறு குழுவும் இதனைச் சிறு அளவில் செய்யலாம். தமிழகத்தில் கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' போட்டி கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன் போன்றோரைத் திரைத்துறைக்கு அளித்தது. அது நன்று. எனினும் குழுவுக்கு வரும் எல்லோரும் இயக்குநர் ஆகவேண்டியதில்லை.

நான்கு: படத்தைவிட ஒலியில் கருத்துச் செலுத்துங்கள். கைப்பேசியைத் தொலைவில் நிறுத்திப் பதிந்தால் செம்பனைக் காட்டுப் பூச்சியொலியும் தகரக்கூரை மழையும் பேச்சை விழுங்கிவிடும். ஒலிவாங்கியைப் பேசுவோர் மார்பருகே பொருத்துக. முதியோருக்கு வசனம் எழுதித் தராதீர். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

ஐந்து: 10 நிமிடப் படத்திற்காக ஒரு மணிநேரம் பதிந்திருப்பீர்கள். வெட்டிய பகுதியை அழித்துவிடாதீர். மொழியாய்வாளருக்கு அதுவே பெருஞ்செல்வம். பேசியவர் பெயர், பிறந்த தோட்டம், பதிந்த நாள், அவர் இசைவு ஆகியவற்றைக் குறித்து, மூல ஒலிக்கோப்பை இரண்டு மூன்று இடங்களில் படியெடுத்து வையுங்கள். அரிய சொற்களுக்குப் பொருள் எழுதிப் பள்ளி நூலகத்தில் சேருங்கள். கித்தா, சடக்கு, கம்பம், ஆயாக் கொட்டகை என்று தொடங்கினால் ஒரு மாணவர் குழு ஓராண்டில் நல்லதொரு சொற்றொகுதியை உருவாக்கிவிடும்.

இம்முன்மொழிவுகளுள் முதலாவதை நாம் நடுவராக இருந்த குழு ஏற்றுக்கொண்டது. அம்மாணவனிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "பரவால்லைங்க ஐயா" என்றான். முதற்படத்தின் வெட்டாத பதிவு இருக்கிறதா என்று வினவினோம். கைப்பேசியில் இடம் போதவில்லை என்று அழித்துவிட்டதாகக் கூறினான். எஞ்சியது 8 நிமிடப் படம் மட்டுமே. அதனைப் படியெடுத்து வைத்துள்ளோம். பாட்டி இன்னும் நலமாக உள்ளார் என்பதால், வரும் பள்ளி விடுமுறையில் ஒலிவாங்கியோடு மீண்டும் செல்வதாக அவன் கூறியிருக்கிறான். இம்முறை கேள்விகளைத் தொகுத்துக் கொடுக்கும் பணி நம்முடையது.

உங்கள் வீட்டிலும் தெருவிலும் பெரட்டுக்குப் போனவர்கள் இன்னும் சிலர் இருப்பர். அவர்களிடம் கருவியோடு செல்லுங்கள்.